ஸ்லிப்புன்னா என்னா?

ஏழாம் வகுப்பில் இங்கிலீஷ் சார் கரும்பலகையில் ஐந்து வார்த்தைகளை எழுதிப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் கேட்டுக்கொண்டே வந்தார். நாலாவது வார்த்தை 'ஸ்லிப்'. பொதுவாக இங்கிலீஷ் பீரியடில் நான் முன் பெஞ்சுக்காரன் முதுகுக்குப் பின்னால் குடியிருக்கிற ஆசாமி. அன்றைக்கு என்ன தைரியமோ, கையைத் தூக்கிவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு இங்கிலீஷ் வார்த்தை எனக்கு நிஜமாகவே தெரிந்திருந்ததே, சும்மா இருக்க முடியுமா!

"ஸ்லிப்புன்னா வெள்ளையா, குழம்பு மாதிரி இருக்கும் சார். அச்சுல ஊத்துவாங்க."

ஒரு விநாடி நிசப்தம். பிறகு வகுப்பே சிரித்தது. சாரும் சிரித்தார். "ஏண்டா, உங்க வீட்டுல இட்லி ஊத்துறதையா நான் கேட்டேன்? ஸ்லிப்னா வழுக்குறது. பத்து தடவை எழுதிட்டு உட்காரு."

சார் மேல் தப்பில்லை. வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆனால், வகுப்பில் நாலு பையன்களுக்காவது நான் சொன்னது சரி என்று தெரியும். அவர்கள் அம்மாவும் அக்காவும் என் அம்மாவோடுதான் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு செராமிக்குக்குப் போனார்கள். அந்த நாலு பேர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது! இதில் எனக்கு வருத்தமில்லை. அவர்களில் ஒருவன் கையைத் தூக்கியிருந்தால் நானும் அப்படித்தான் சிரித்திருப்பேன்.

அந்த வருஷம் முழுக்க என் பெயர் 'இட்லி'.

விருத்தாசலத்துக்கு வெளியே இருக்கும் வாசகர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். (உள்ளூர்க்காரர்கள் அடுத்த பாராவுக்குத் தாவலாம்.) எங்கள் ஊரைப் பலருக்கு ரயில் ஜங்ஷனாகத் தெரியும். ராத்திரி வண்டியில் தூக்கம் கலைந்து, 'எந்த ஊர் சார் இது?' என்று கேட்பார்களே, அந்த ஊர். பக்தர்களுக்குப் பழமலைநாதர் கோயில். மூன்றாவது பெருமை செராமிக். பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டும்போது நிலக்கரிக்கு மேலே வெள்ளைக் களிமண்ணும் கிடைக்கிறது. அந்த மண்ணை நம்பித்தான் எங்கள் ஊரில் செராமிக் தொழிற்பேட்டை வந்தது. சூளைகள் வந்தன. செராமிக்குக்கென்றே டிப்ளமோ சொல்லித்தரும் அரசுக் கல்லூரியும் வந்தது. பொம்மை, கப்பு, ஜாடி, கரண்டு கம்பத்துக்கும் ஃபியூஸுக்கும் வேண்டிய வெள்ளைச் சாமான் என்று எத்தனையோ போகிறது எங்கள் ஊரிலிருந்து. உங்கள் வீட்டு கொலுவில் பளபளவென்று ஒரு செராமிக் பிள்ளையார் இருந்தால் அவர் எங்கள் ஊர்க்காரராக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

அந்தப் பிள்ளையார் ஸ்லிப்பில் பிறந்தவர். களிமண்ணையும், குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் என்கிற கல்பொடிகளையும் தண்ணீரோடு உருளையில் போட்டு மணிக்கணக்கில் அரைத்துச் சல்லடையில் வடிகட்டினால் திக்கான பால் மாதிரி ஒன்று கிடைக்கும். அதுதான் ஸ்லிப். இதில் ஒரு மாயம் உண்டு. கெட்டியாக, கரண்டியைப் போட்டால் நிற்கிற பதத்தில் இருக்கும் மண்ணில் சோடியம் சிலிகேட்டைக் கொஞ்சூண்டு விட்டுக் கலக்குங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சேர்க்காமலே அது இளகி ஓட ஆரம்பிக்கும். 'கொஞ்சம் விட்டதுக்கே இப்படின்னா, இன்னும் கொஞ்சம் விட்டா...' என்று ஆசைப்பட்டால் போச்சு, திரும்பவும் கெட்டிப்பட்டுவிடும்! அளவு பிசகக்கூடாது. என் அம்மா வேலை பார்த்த இடத்தில் சிலிகேட் விடுகிற நாளில் முதலாளியே அம்மாவைக் கூப்பிடுவார். அவள் விரலை முக்கி எடுத்து, நகத்தின் மேல் ஸ்லிப் எப்படி வழிகிறது என்று பார்த்து, "போதும்ணே" என்றால் போதும்தான்.

அச்சு, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்தது. இரண்டு பாதியையும் சேர்த்து, பழைய சைக்கிள் டியூபை வளையம் வளையமாக வெட்டி, அதை மாட்டி இறுக்குவார்கள். மேல் ஓட்டை வழியாக ஸ்லிப்பை ஊற்றினால் அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்ச உறிஞ்ச, உள்சுவரில் மண் தோல் மாதிரி படியும். தோல் தேவையான கனத்துக்கு வந்ததும் அச்சைக் கவிழ்த்து மிச்சத்தை வாளியில் கொட்டிவிட வேண்டும். (பிள்ளையாருக்கு வெளியே அத்தனை பெரிய தொந்தி இருந்தும் உள்ளே காலியாக இருப்பது இதனால்தான்.) சீக்கிரம் கவிழ்த்தால் தோல் மெலிசாகி, அச்சைப் பிரிக்கும்போதே பொம்மை மடங்கி விழும். தாமதித்தால் கனம் ஏறிப்போகும். அம்மா இதற்குக் கடிகாரம் பார்த்து நான் பார்த்ததே இல்லை. அச்சின் வாயில் ஸ்லிப் எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்று ஒரு பார்வை, அவ்வளவுதான். ஒரே நேரத்தில் முப்பது அச்சு ஓடும். முப்பதுக்கும் முப்பது கணக்கு மனசில் இருக்கும். பி.காம். படித்த நான் இன்றைக்கும் மூன்று குக்கர் விசிலைச் சரியாக எண்ண மாட்டேன்.

ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் அச்சு காயாது. ஈர அச்சு தண்ணீர் குடிக்காது. அச்சு தண்ணீர் குடிக்காவிட்டால் நாங்கள் கஞ்சி குடிப்போம். கூலி பொம்மைக் கணக்கில்தானே!

அப்பா எனக்கு ஐந்து வயதிலேயே போய்விட்டார். வீட்டில் சம்பாத்தியம் என்றால் முழங்கை வரை வெள்ளை அப்பிய அந்த இரண்டு கைகள்தான். இது தெரிந்திருந்தும் நான் ஒரு காரியம் செய்தேன். ஒன்பதாம் வகுப்பில் ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். 'தாயின் தொழில்' என்ற இடத்தில் பேனா நின்றது. இட்லி ஞாபகம் வந்தது. 'ஹவுஸ் வொய்ஃப்' என்று இங்கிலீஷில் எழுதிவிட்டேன். அம்மாவிடம் கையெழுத்துக்கு நீட்டியபோது, "இது என்னா எழுதியிருக்க?" என்று அந்த இடத்தில் சரியாக விரலை வைத்துக் கேட்டாள். "அட்ரஸும்மா" என்றேன். கையெழுத்துப் போட்டாள். ஃபாரத்தின் ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்கு வெள்ளைத் தடம் விழுந்தது. அதை நான் ரப்பரால் அழித்து, ஊதிவிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

* * *

இதெல்லாம் இப்போது எதற்கு என்கிறீர்களா? எனக்கு இப்போது தொழில், நாலைந்து சின்ன யூனிட்டுகளுக்கு கணக்கு எழுதி ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடுவது. (செராமிக் பொம்மைக்கு அரசாங்கம் கொடுத்திருக்கும் நம்பர் 6913. பிள்ளையாரானாலும் யானையானாலும் அதே நம்பர்.) மிச்ச நேரத்தில் இந்த மாதிரி எதையாவது எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்புவது. போன மாதம் ஒரு முதலாளிக்கு பில்லில் 'காஸ்டிங் ஸ்லிப்' என்று இங்கிலீஷில் அடிக்க வேண்டியிருந்தது. ஸ்பெல்லிங் சரிதானா என்று ஆக்ஸ்ஃபோர்டு அகராதியைத் திறந்தேன். அங்கே ஸ்லிப் என்று ஒரு வார்த்தை இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டு மூன்று வார்த்தைகள் இருந்தன! எழுத்து ஒன்று, உச்சரிப்பு ஒன்று. ஆனால், வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள்.

முதல் ஸ்லிப், எங்கள் சார் சொன்ன வழுக்கல். வட ஜெர்மனிப் பக்கத்துப் பழைய மொழியில் 'ஸ்லிப்பென்' என்று இருந்தது இங்கிலாந்துக்கு வந்ததாகச் சொல்கிறார்கள். இது பெரிய குடும்பி. காலில் சுலபமாக நுழைவதால் ஸ்லிப்பர். தலையணைக்கு மாட்டும் உறை ஸ்லிப். உடம்பில் நழுவி இறங்குவதால் பெண்களின் உள்ளாடையும் ஸ்லிப். கப்பலைத் தண்ணீரில் இறக்கும் சரிவு ஸ்லிப்வே. (ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போடுவதை எங்கள் ஜங்ஷனில் பழைய ஆட்கள் 'சிலிப்பர் கட்டை' என்பார்கள். அது இந்த வம்சமில்லை. அது தூங்குகிற ஸ்லீப்பர்!) டூ வீலர் மெக்கானிக் "கிளட்ச் ஸ்லிப் ஆவுது சார்" என்று சொல்லும்போது பர்ஸ் கனம் குறைகிறதே, அந்த ஸ்லிப்பும் இதுதான்.

கிரிக்கெட் ஸ்லிப்பும் இந்த வீட்டுக்காரர். மட்டையின் ஓரத்தில் பட்டு நழுவும் பந்துக்காக விக்கெட் கீப்பருக்குப் பக்கத்தில் குனிந்து காத்திருக்கிறாரே, அவர். நம்ம ராகுல் டிராவிட் டெஸ்ட் மேட்சுகளில் பிடித்த 210 கேட்சில் பெரும்பகுதி அங்கே நின்று பிடித்தது. அடுத்தவன் வழுக்குவதற்காக நாள் முழுக்கப் பொறுமையாகக் காத்திருப்பது ஆபீஸ்களிலும் நடக்கிறதுதான். அங்கே அதற்கு மெடல் தருவதில்லை, ப்ரமோஷன் தருகிறார்கள்.

நாக்கு வழுக்கினாலும் ஸ்லிப். மனைவியின் பெயருக்குப் பதில் வேறு பெயர் வாயில் வந்துவிட்டால், 'டங் ஸ்லிப்பாயிடுச்சு' என்று சமாளிக்கிறோம். 'சமாளிக்காதே, உள்ளே இருந்ததுதான் வெளியே வந்தது' என்று 1901-ல் புத்தகமே எழுதிவிட்டார் சிக்மண்ட் ஃபிராய்டு. குடும்பஸ்தர்களுக்கு இதைவிட ஆபத்தான ஆராய்ச்சி இருக்க முடியாது.

கோப்பைக்கும் உதட்டுக்கும் நடுவே எத்தனையோ ஸ்லிப் என்று இங்கிலீஷில் ஒரு பழமொழி உண்டு. அதற்கொரு கிரேக்கக் கதை சொல்கிறார்கள். ஆன்கேயஸ் என்று ஒரு ராஜா ஆசை ஆசையாகத் திராட்சைத் தோட்டம் போட்டான். 'இதன் ரசத்தைக் குடிக்க உனக்குக் கொடுப்பினை இல்லை' என்று ஒரு குறிசொல்லி சொல்லிவிட்டான். கொடி காய்த்து, பழுத்து, பிழிந்து, கோப்பையும் கைக்கு வந்தது. "இப்ப என்ன சொல்றே?" என்று ராஜா சிரிக்க, குறிசொல்லி இந்தப் பழமொழியைச் சொன்னானாம். அந்த நிமிஷம் தோட்டத்தில் காட்டுப்பன்றி புகுந்துவிட்டதாக ஆள் ஓடி வந்தான். கோப்பையை வைத்துவிட்டுப் போன ராஜா திரும்பவில்லை. நாம் இத்தனை பேரைச் சாகடிக்காமல் 'கைக்கு எட்டியது வாய்க்கு எட்டலை' என்று முடித்துவிடுகிறோம்.

* * *

இரண்டாவது ஸ்லிப்புக்கும் வழுக்கலுக்கும் சம்பந்தமே இல்லை. இது காகித ஸ்லிப். டச்சுக்காரர்களின் பழைய மொழியில் 'ஸ்லிப்பெ' என்றால் வெட்டு, வெட்டிய துண்டு. செடியிலிருந்து ஒடித்து நடுகிற குச்சியும் இங்கிலீஷில் ஸ்லிப்தான். ஒல்லியான சின்னப் பெண்ணையும் அப்படிச் சொல்வது உண்டு. துணியிலோ தாளிலோ கீற்றாகக் கிழித்தது, ஸ்லிப். யோசித்துப் பாருங்கள், நாமும் இதையேதான் வேறு வழியில் சொல்கிறோம். வேலை போனால் அமெரிக்காவில் 'பிங்க் ஸ்லிப்'. நம்ம ஊரில் 'சீட்டு கிழிஞ்சிடுச்சு'!

சீட்டு என்று சொன்னதும் இன்னொன்று. ஸ்லிப் என்று தன்னிடமே ஒரு வார்த்தை இருக்க, வெள்ளைக்காரர்கள் நம் நாட்டுக்கு வந்து, இந்தி 'சிட்டி'யைக் கேட்டு 'சிட்' என்று இன்னொன்றையும் எடுத்துக்கொண்டுபோய் அகராதியில் சேர்த்துக்கொண்டார்கள். நாம் அவர்களுடைய ஸ்லிப்பை எடுத்துக்கொண்டோம். எங்கள் ஊர்க் கதைதான். சுந்தரர் இங்கே சிவனிடம் 12,000 பொன் வாங்கி, மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொண்டாராம். 'ஆத்துல போட்டுட்டுக் குளத்துல தேடுறான்' என்று அசடுகளைத் திட்டுகிறோமே, மூலம் அதுதான் என்பார்கள். வார்த்தைகளைப் பொறுத்தவரை அது அசட்டுத்தனம் இல்லை. ஒரு ஆற்றில் விழுந்தது எந்தக் குளத்தில் கிடைக்கும் என்று சொல்லவே முடியாது.

தேர்தல் வந்தால் பூத் ஸ்லிப். ஓட்டுப் போட்டால் இயந்திரத்தின் கண்ணாடிக்குள் சரியாக 7 விநாடி காட்சி தந்துவிட்டு உள்ளே விழுந்துவிடும் விவிபேட் ஸ்லிப். ஏ.டி.எம்.மில் வெளியே வந்து, நம் பேலன்ஸைப் பார்த்து நாமே கிழித்துப்போடும் ஸ்லிப். பி.காம். பையன்களுக்கு வங்கிக் கணக்குப் பாடத்தில் 'ஸ்லிப் சிஸ்டம்' என்று ஒரு கேள்வி உண்டு. வாடிக்கையாளர் எழுதித்தரும் பே இன் ஸ்லிப், செக் ஆகியவற்றைப் பார்த்தே நேராகப் பேரேட்டில் ஏற்றிவிடும் முறை. தனியாக முதல் ஏடு எழுதும் வேலை மிச்சம். இதன் நன்மைகளையும் தீமைகளையும் நான் மனப்பாடம் செய்த காலத்தில் வங்கிகளில் பேரேடே போய் கம்ப்யூட்டர் வந்துவிட்டிருந்தது. தீமைகளில் ஒன்று இப்போதும் ஞாபகம் இருக்கிறது: ஸ்லிப் தொலைந்துபோகலாம்.

ஸ்லிப்பே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று மட்டும் புத்தகத்தில் இல்லை. அது எனக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது.

பிளஸ் டூ முடித்ததும் சென்னையில் பி.காம். சேர ஆசை. படிப்புக் கடன் கேட்டு அம்மாவும் நானும் ஒரு வங்கிக்குப் போனோம். (எந்த வங்கி என்பது வேண்டாம், அந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார்.) மார்க் ஷீட்டைப் பார்த்துத் தலையாட்டினார். அப்பா இல்லை என்றதும், "அப்போ அம்மாவோட பே ஸ்லிப் வேணுமே" என்றார்.

அம்மா மஞ்சள் பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து மேஜை மேல் வைத்தாள். உள்ளே பக்கம் பக்கமாக, நாலு கோடு போட்டுக் குறுக்கே ஒன்று அடித்த கட்டுகள்.

"என்னம்மா இது?"

"கணக்குங்க சார். ஒரு கோட்டுக்குப் பத்து பொம்மை. உடைஞ்சது சேர்த்தி இல்ல."

அவர் இரண்டு பக்கம் புரட்டினார். "சரிம்மா... ஆனா ஸ்லிப்பு இல்லாம நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்று நோட்டை இரண்டு கையாலும் எடுத்துத் திருப்பிக் கொடுத்தார்.

வெளியே வந்து செருப்பைத் தேடி மாட்டிக்கொண்ட அம்மா திடீரென்று சிரித்தாள். "டேய் தம்பி, பன்னெண்டு வருஷமா வாளி வாளியா ஸ்லிப்பு ஊத்துறேன். எங்கிட்டப் போயி ஸ்லிப்பு இல்லேங்குறாரே!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தேன். அடுத்த வாரம் அம்மா, தெருவில் போட்டிருந்த 20 ஆயிரம் ரூபாய் ஏலச்சீட்டை 14 ஆயிரத்துக்குத் தள்ளி எடுத்தாள். களிமண் காய்ந்தால் சுருங்கும். சூளைக்குப் போனால் இன்னும் சுருங்கும். எனது சென்னையும் சுருங்கி சிதம்பரம் ஆனது. தினம் பஸ்ஸில் போய்வந்து படித்தேன். மிச்ச சீட்டுத் தவணையை அம்மா இரண்டு வருஷம் பொம்மை ஊற்றிக் கட்டினாள். ஆறாயிரம் ரூபாய் தள்ளுபடிக்கு ஆண்டு வட்டி எத்தனை சதவீதம் என்று கல்லூரியில் கணக்குப் போடக் கற்றுக்கொண்ட அன்றைக்கு, அம்மாவிடம் சொல்லவில்லை.

* * *

மூன்றாவது ஸ்லிப்!

அகராதியில் அந்த இடத்துக்கு வந்தபோது, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். 'பீங்கான் பாண்டங்களுக்குப் பூசவும் வார்க்கவும் பயன்படும், தண்ணீரில் கரைத்த களிமண் குழம்பு' என்ற அர்த்தம் அச்சில் இருந்தது. குழம்பு! அச்சுல ஊத்துவாங்க! 'இட்லி' சொன்ன அதே விடை! 17-ம் நூற்றாண்டிலிருந்தே இங்கிலாந்துக் குயவர்கள் இந்த வார்த்தையை வைத்துப் புழங்கியிருக்கிறார்கள். பிளாஸ்டர் அச்சு வந்தது அதற்கடுத்த நூற்றாண்டில்.

எங்கிருந்து வந்தது இந்த வார்த்தை? இங்கே அகராதிக்காரர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. முதல் ஸ்லிப்புக்கும் இரண்டாவதற்கும் பூர்வீகம் எழுதிய ஆக்ஸ்ஃபோர்டுக்காரர், மூன்றாவதற்கு 'மூலம் தெளிவில்லை' என்று சொல்லிவிட்டு, நார்வே மொழியில் சகதிக்கு இதே மாதிரி ஒரு வார்த்தை இருப்பதைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார். ரேஷன் கார்டு இல்லாத கேஸ் மாதிரி. ஆனால், சொல்லின் வேரைத் தோண்டுகிற வேறு சிலர், ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய இங்கிலீஷில் இருந்த 'ஸ்லிப்பெ' என்ற வார்த்தையைக் காட்டுகிறார்கள். அதற்கு அர்த்தம் சகதி, கூழ், கொழகொழவென்று இருப்பது. அது சரியென்றால், மூன்றில் இங்கிலீஷ் மண்ணிலேயே பிறந்து வளர்ந்தது அம்மாவின் ஸ்லிப்தான். மற்ற இரண்டும் கப்பலேறி வந்தவை!

இந்தப் பழைய 'ஸ்லிப்பெ' இன்னொரு இடத்திலும் ஒளிந்துகொண்டிருக்கிறது. இங்கிலாந்துப் புல்வெளிகளில் மஞ்சளாகப் பூக்கும் 'கௌஸ்லிப்' என்ற பூ. கேட்க எத்தனை அழகு! பிரித்தால், கௌ... ஸ்லிப். மாட்டுச் சாணி! மாடு மேய்கிற இடத்தில் பூப்பதால் வந்த பேராம். அங்கே அந்தப் பூவைப் பாடாத கவிஞர்கள் குறைவு என்கிறார்கள். சாணி என்று தெரிந்துதான் பாடினார்களோ என்னவோ.

பொருள் என்னவோ நம்மிடம் அதற்கும் முன்னாலேயே இருக்கிறது. பானையைச் சுடுவதற்கு முன் செம்மண், காவி கரைத்து மேலே பூசுவது நம் குயவர்கள் காலங்காலமாகச் செய்கிற வேலை. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டை 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டினாரே, அங்கே கிடைத்தது போன்ற பூச்சு போட்ட ஓடுகளைப் பற்றி எழுதும்போது தொல்பொருள்காரர்கள் பயன்படுத்துகிற இங்கிலீஷ் வார்த்தையும் ஸ்லிப்தான். ரோமாபுரியோடு வியாபாரம் நடந்த துறைமுகம் அது. ஆக, எங்கள் ஊர்ப் பெண்கள் முழங்கையில் அப்பிக்கொண்டு வீட்டுக்கு வருவது அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் இருக்கிறது. (பீங்கான் என்ற நம் வார்த்தை மட்டும் பாரசீகத்திலிருந்து வந்தது. அது இன்னொரு ஆறு, இன்னொரு குளம்.)

நம்ப மாட்டீர்கள், அன்றைக்கு எனக்கு ரிட்டர்ன் போடும் வேலை ஓடவில்லை. கடைசித் தேதி வேறு. முதலாளிக்கு ஃபைன் வந்தால் வரட்டும் என்று மொபைலை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

அம்மா திண்ணையில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டு வலி வந்து செராமிக்கை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. விரல் மட்டும் சும்மா இருக்காது. (வெளியூர்க்காரர்களுக்கு: மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. மணிலாவிலிருந்து வந்த கொட்டை என்பதால் மணிலாக்கொட்டை. அது எங்கள் பக்கத்து வாய்களில் தேய்ந்து மல்லாட்டை. அதுவும் கப்பலேறி வந்ததுதான்.)

"அம்மா, இங்க பாரு. ஸ்லிப்புன்னு டிக்‌ஷனரில போட்டிருக்கான். களிமண்ணு, தண்ணி, அச்சுல ஊத்துறது... எல்லாம் அப்படியே இருக்கு!"

"அது தெரிஞ்ச விஷயந்தானே. அதுக்கா வேலைய வுட்டுட்டு ஓடியாந்த?"

"இல்லம்மா... நான் ஸ்கூல்ல சொன்னது சரிதான்னு..."

"அந்த சாருதான் இல்லாமப் பூட்டாரே. இருந்தா காட்டலாம்." அம்மா தோலை ஊதினாள். "உன்னய இட்லின்னு சொன்னவரு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தச் சம்பவத்தை நான் வீட்டில் மூச்சுவிட்டதே இல்லை. "உனக்கெப்படித் தெரியும்?"

"உங்கூடப் படிச்சவன் அம்மா எனக்குப் பக்கத்து அச்சு. அன்னிக்குச் சாயங்காலமே சொல்லிட்டா. ரெண்டு பேரும் சிரிச்சோம்."

அப்படியானால் அந்த ஃபாரம்? கேட்கலாமா வேண்டாமா என்று நான் மென்று முழுங்கிக்கொண்டிருந்தபோது, அம்மாவே தலையைத் தூக்காமல் சொன்னாள்: "அட்ரஸுல எங்கடா ரெண்டே ரெண்டு வார்த்தை வரும்? தெரு இல்ல, ஊரு இல்ல..."

நான் மொபைலைப் பார்த்தேன். திரை அணைந்துவிட்டிருந்தது.

"சரி, அந்தப் புஸ்தகத்துல சிலிகேட்டு எவ்வளவு வுடணும்னு போட்டிருக்கா?"

"அதெல்லாம் போடல."

"அப்புறம் என்னா புஸ்தகம் அது" என்று சொல்லிவிட்டு, உரித்த மல்லாட்டைக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள்.